கேட்ட பாட்டை மீளக் கேட்டல்: வன்னிக் காத்தவராயன் கூத்தினை ஆதாரமாகக் கொண்ட ஒரு நோக்கு

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாடலைப் பிறிதொருவர் பாட, அதனையும் மக்கள் விரும்பிக் கேட்பது இன்று எங்கும் காணப்படும் வழக்கமாகும். மேடை இசைக்குழுக்களும் தொலைக்காட்சிப் போட்டிகளும் இவ்வழக்கத்தினாலேயே வாழ்கின்றன. இவ்வாறு பாடப்படுவதனை மீள்பாடல் என இக்கட்டுரை குறிக்கும். இலக்கிய நோக்குடையோர் பலர் இதனைப் 'போலச் செய்தல்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவர். போலிக்கு மதிப்பில்லை என்பது அவர்தம் கொள்கை. ஆயின் போலியைக் கேட்பதற்கு விடியும்வரை விழித்திருப்பார் உளரோ? வன்னிக் கிராமத்தார் விழித்திருக்கின்றனர்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் அம்மன் கோயில்களை ஒட்டி, பெரும்பாலும் நேர்த்திக்கடனாக, ஆடப்பெறுவது காத்தவராயன் கூத்து. முத்துமாரியின் மகன் காத்தவராயன் ஆரியமாலைமேல் காதல்கொண்டு, இறுதியிற் கழுமரம் ஏறும் கதையினை அங்குள்ள சிறுவரும் அறிவர். கதை மட்டுமன்று, மெட்டுகளும் அறிந்தவையே. சிந்துநடையில் அமைந்த அப்பாடல்களை ஆடுவோன் பாட, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, பாயிலிருக்கும் கிழவியும் உடன் முணுமுணுப்பாள். புதுமை எனத்தக்கது யாதும் அங்கில்லை. அவ்வாறாயின் அவர்கள் கேட்பது எதனை?

இவ்வினாவுக்கு விடை அக்கூத்தின் அமைப்பிலேயே உளது. ஓரிரவுக்குள் காத்தானாக வருபவர் ஒருவரல்லர். கதையின் முற்பகுதிக்கு ஒருவர், நடுப்பகுதிக்கு ஒருவர், கழுமரக் காட்சிக்கு இன்னொருவர் எனப் பலர் அப்பாத்திரத்தை ஏற்பர். முத்துமாரிக்கும் இவ்வாறே. ஆட்களின் களைப்பைப் போக்கவும், ஊரில் ஆட விரும்புவோர் பலருக்கும் இடமளிக்கவும் எழுந்த ஏற்பாடாக இது இருக்கலாம். காரணம் எதுவாயினும் அதன் பயன் வேறு. முன்னவர் குரல் காதில் நிற்கும்பொழுதே பின்னவர் அதே பாத்திரத்திற்குரிய மெட்டினை எடுக்கின்றார். மெட்டுத் தெரிந்தது, அடுத்து வருவதும் தெரிந்தது. ஆதலாற் செவி அவற்றைத் தொடரும் பணியினின்று விடுபட்டுக் குரலுக்கே முழுதும் உரியதாகின்றது. எங்கே இழுத்தார், எங்கே மூச்சை விட்டார், தாயை விளிக்கும் இடத்தில் எவ்வளவு தணிந்தார் என்னும் நுண்மைகள் அப்பொழுதே புலனாகின்றன. புதிய பாடலைக் கேட்பவன் பாடலைக் கேட்கின்றான். பழகிய பாடலைக் கேட்பவனோ பாடுபவனைக் கேட்கின்றான். மீள்பாடலின் கவர்ச்சி இங்கேயே தொடங்குகின்றது என்பது எமது கருத்து.

இங்கு மூலம் என்ற ஒன்று இல்லை என்பதும் நோக்கற்பாலது. அண்ணாவியார் தாம் கேட்டதையே பழக்குகின்றார்; அவருக்குப் பழக்கியவரும் கேட்டவரே. 'மூலப்பாடல்' என்னும் எண்ணம் வலுப்பெறுவது இசைத்தட்டின் வருகையோடுதான். மேலைநாடுகளிலும் இசைத்தாள்கள் பெருவிற்பனையான காலத்தில் ஒரே பாடலைப் பலர் ஏககாலத்தில் பாடினர். எவர் பாடியது மூலம் என்ற வினா அன்று பெரிதாக எழவில்லை. ஒரு குறித்த ஒலிப்பதிவே பாடல் என்றாகிய பின்னரே ஏனைய அனைத்தும் அதன் நகல்களாயின. நமது மேடைகளில் 'இசைத்தட்டுப் போலவே இருக்கிறது' என்பது இன்று பாராட்டு. அண்ணாவியாரிடம் சென்று 'போன வருடத்தவரைப் போலவே பாடினீர்' என்றால் அவர் அதனைப் பாராட்டாகக் கொள்வாரா என்பது ஐயமே. ஒலிப்பதிவைப் பின்பற்றுபவன் அணுமையால் அளக்கப்படுகின்றான். கூத்தனோ, மரபின் எல்லைக்குள் நின்று காட்டும் வேறுபாட்டால் அளக்கப்படுகின்றான். இரண்டனுள் பின்னதே வளமுடையது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கலியாண வீடுகளிலும் சுற்றுலா வண்டிகளிலும் பல்லாயிரம் வாய்களிற் புகுந்து வாழ்வதும் இப்பின்னைய முறையிலேயே. அதனைப் பாடுவோர் எவரும் இசைத்தட்டை நினைத்துப் பாடுவதில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றியபொழுது, இரவு முழுதும் நிகழ்ந்த கூத்தினைச் சுருக்கிப் படித்தோர் அவைக்குக் கொணர்ந்தார். கூத்திற்கு அதனாற் கிடைத்த மதிப்புப் பெரிது. அதனை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அம்முறையினை அப்படியே காத்தவராயன் கூத்திற்கும் பொருத்தி, ஒரே காத்தானைக் கொண்டு சிறுபொழுதில் முடித்துவிடின், கதை எஞ்சும். ஒப்புநோக்கிக் கேட்கும் இன்பம் எஞ்சாது.

இது வெறும் சுவை பற்றிய விவாதமாக இன்று இல்லை. போரின் இறுதிக்கட்டத்தில், 2009 ஆம் ஆண்டளவில், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களின் மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 இல். மீண்டு வந்தோர் பலரிடம் வீடும் இல்லை, வீட்டிலிருந்த கூத்துக் கொப்பியும் இல்லை. பழக்கியவர்களிற் சிலரும் இல்லை. இந்நிலையிற் கூத்தினைக் கற்க விழையும் இளைஞன் கைத்தொலைபேசியிற் கிடைக்கும் ஒரு பதிவினை நாடுவது இயல்பே. அதனைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் இரவில் எடுக்கப்பட்ட அப்பதிவு, அவன் அறியாமலே, இல்லாத மூலத்தின் இடத்தைப் பெற்றுவிடுகின்றது. பாடியவரின் திறன் மட்டுமன்றி, விடியற்புறத்தில் அவர் தொண்டை கட்டியதனால் விழுந்த பிசிறும் அவனுக்குப் பாடமாகின்றது. அடுத்த ஊர்க்காரர் வேறுவிதமாக இழுத்தால் அது பிழையென அவன் திருத்தவும் கூடும். கூத்து நிலைத்திருக்க, அதன் மீள்பாடல் தன்மை மட்டும் மறைந்துபோகும் நிலை இது.

மெற்றாஸ் மயில் போன்றோர் வன்னி நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமையாற் சொற்கள் பல காப்பாற்றப்பட்டன. குரலைத் தாள் ஏற்காது. இன்று பதிவுசெய்ய முனையும் மாணவரும் மன்றங்களும் 'மிகச் சிறந்த' குழு ஒன்றைத் தெரிந்து அதனையே பதிவுசெய்யும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒரே கழுமரக் காட்சியினை மூன்று ஊர்களில், மூன்று பின்காத்தான்மார் பாடக் கேட்டுப் பதிதல் வேண்டும். அவருள் ஒருவர் சுமாராகப் பாடுபவராயிருப்பினும் பாதகமில்லை.