நுண்ணோக்கிக்கு ஒரு குழாய்த் துண்டு

நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லைமேல் செல்பேசியைக் கையால் பிடித்துப் படமெடுத்தால் நடுவில் சிறு வெளிச்ச வட்டம், சுற்றிலும் இருட்டு. வில்லைக்கு மேலே, பெரும்பாலும் 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள், கதிர்கள் குறுகிக் கடக்கும் இடம் ஒன்று உண்டு. கேமரா வில்லை அங்கேதான் நிற்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க பட்டர் பேப்பர் போதும். விளக்கைப் போட்டுத் தாளை மெல்ல உயர்த்தினால், ஒளிவட்டம் மிகச் சிறுத்து விளிம்பு தெளியும் உயரம் அதுவே.

மற்றதெல்லாம் பெண்ணாடம் போன்ற சிற்றூரின் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். வில்லைமேல் கவிந்து, கேமரா அந்த உயரத்தில் நிற்கும்படி அறுத்த பிவிசி குழாய்த் துண்டு, அதன் தலையில் துளை நேராக ஒட்டிய பழைய செல்பேசி உறை. குழாய் தளர்ந்தால் வில்லையைச் சுற்றி இன்சுலேஷன் டேப். உட்புறம் மங்கிய கறுப்புத் தாள் அவசியம்; பளபளக்கும் பெயின்ட் படத்தை வெளிறடித்துவிடும்.

பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான் சில்லுக்குக் கீழ்விளக்கு உதவாது, ஒளி ஊடுருவாதே. குறைந்த உருப்பெருக்கத்தில், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்தால் மெருகின் ஊசித்துளைகளும் மயிரிழை விரிசல்களும் நிழலோடு எழும்பும். கடையில் விற்கும் செல்பேசி அடாப்டருக்கு இந்தக் குழாய்த் துண்டைவிடத் தனிப் பெருமை ஏதுமில்லை. மனு பிரகாஷ் குழு 2014-இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப்கூடச் செல்பேசியோடு சேர்வது வெறும் காந்தத்தால்தான்.