நகலின் புனிதம்: ஓர் இத்தாலிய மோட்டார் சைக்கிளை முன்வைத்து

ஒரு பொருளை வாங்கியவனுக்கு அதன்மீது கைவைக்க உரிமை உண்டா? அபத்தமான கேள்வியாகத் தோன்றும். காசு கொடுத்தாச்சு, வண்டி என்னுது, அப்புறம் என்ன? ஆனால் அரிய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்பவர்களிடம் இதற்குக் கிடைக்கிற பதில் 'இல்லை' என்பதுதான். சைலன்சரை மாற்றினால், ஹேண்டில்பாரை உயர்த்தினால், வண்டியைக் கெடுத்துவிட்டான் என்கிறார்கள். இந்தப் புனிதம் எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை டுகாட்டி எம்.எச். 900இ என்கிற வண்டியை முன்வைத்துப் பார்க்க விரும்புகிறேன். நான் இதை ஓட்டியவனில்லை. வாங்குகிற வக்கும் கிடையாது. ஒரு பிரதியை வாசிப்பதுபோல வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

எம்.எச். என்பது மைக் ஹெயில்வுட். இந்த ஆங்கிலேயப் பந்தய வீரர் 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, தமது 38ஆம் வயதில், 1978இல் ஐல் ஆஃப் மேன் டி.டி.க்குத் திரும்பி வந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வென்றார். ஓட்டியது டுகாட்டி. ஆனால் கடையில் கிடைத்த டுகாட்டி அல்ல. பொலோன்யாவில் என்.சி.ஆர். என்ற சிறு பட்டறையின் கைபட்டு, பிறகு மான்செஸ்டரில் ஒரு வண்டி வியாபாரியின் பட்டறையில் பந்தயத்துக்குத் தயாரான வண்டி அது. அதாவது, 'கைவைக்கப்பட்ட' வண்டி. அது ஜெயித்ததும் நிறுவனம் விழித்துக்கொண்டது. 1979இல் 'மைக் ஹெயில்வுட் ரெப்ளிகா' என்று நகலெடுத்து விற்க ஆரம்பித்தது. ஹெயில்வுட் 1981இல் சாலை விபத்தில் இறந்தார். பெயர் நிறுவனத்திடம் தங்கியது.

இனி இரண்டாம் கட்டம். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டெக்சஸ் பசிபிக் குழுமம் 1996இல் டுகாட்டியின் பெரும்பங்கை வாங்கியது. 1999இல் பங்குகள் மிலான், நியூயார்க் சந்தைகளுக்கு வந்தன. இதற்கிடையில் 1998இல் மியூனிக் கண்காட்சியில் பியேர் டெர்பிளான்ஷ் வடிவமைத்த ஒரு மாதிரி வண்டி, ஹெயில்வுட்டுக்கு அஞ்சலி என்ற பெயரில், வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி பிறந்த கணத்தில் இணையம் வழியாக மட்டுமே விற்பனை தொடங்கியது. விலை 15,000 யூரோ. முதல் 500 வண்டிகள் 31 நிமிடத்தில் தீர்ந்தன. யூரோ என்ற பணம் காகிதமாகவும் நாணயமாகவும் கைக்கு வந்ததே 2002இல்தான். கையில் வராத பணத்தைக் கொடுத்து, தொட்டுப் பார்க்காத வண்டியை, செத்துப்போனவரின் பெயருக்காக வாங்கினார்கள். மார்க்ஸ் சொன்ன பண்டவழிபாடு இவ்வளவு பச்சையாக வெளிப்பட்ட தருணங்கள் குறைவு.

சரி, எதன் நகல் இது? 1978 வண்டியின் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்களைச் சுழற்றியவை தண்டும் கூம்புப் பற்சக்கரங்களும். எம்.எச். 900இயில் அந்த வேலையைச் செய்பவை ரப்பர் பெல்ட்டுகள். வால்வை ஸ்பிரிங் இல்லாமல் இன்னொரு கேமே இழுத்து மூடும் டெஸ்மோட்ரோமிக் ஏற்பாடு மட்டும் இரண்டுக்கும் பொது. எனவே நகலெடுக்கப்பட்டது இயந்திரம் அல்ல, அதன் நினைவு. இன்னொன்று: கண்காட்சி மாதிரியில் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்குப் பதில் பின்னால் ஒரு கேமரா இருந்தது, விற்ற வண்டியில் வழக்கமான கண்ணாடிகள். ஆக, நிறுவனமே தன் 'மூல'த்தைத் திருத்திவிட்டுத்தான் விற்றது. இப்போது கண்ணாடியைக் கழற்றுகிறவன் மூலத்தைக் கெடுக்கிறானா, மூலத்துக்குத் திரும்புகிறானா?

இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அழிக்கும் என்றார் பென்யமின். இங்கே மறுஉற்பத்தியே ஒளிவட்டத்தைத் தயாரிக்கிறது. மொத்தம் 2,000 வண்டிதான் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும். பெட்டியே பிரிக்காத வண்டிக்குத்தான் மதிப்பு அதிகம். ஓட்டாமலே வைத்திருந்தாலும் பெல்ட் பழசாகும், சீல்கள் காயும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும், விலைப்பட்டியலுக்குத் தெரியாது. உழைப்பின் தடயம் படிந்த வண்டிக்கு விலை குறைவு, உழைப்பே படாததற்கு விலை கூட. பட்டறைக்காரர்களின் கைவேலையில் பிறந்த ஒரு வெற்றியைக் கொண்டாடும் வண்டியில், பட்டறைக்காரன் கை படக்கூடாது என்கிற விதி! இந்த முரணை மறைப்பதற்குத்தான் 'அசல்' என்ற சொல் பயன்படுகிறது.

அதனால் மாற்றியமைப்பதெல்லாம் கலகம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அதையும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கு. கார்பன் ஃபைபர் பாகங்கள், விலையுயர்ந்த சைலன்சர்கள் என்று மாற்றுவதற்கும் ஒரு கடை திறந்திருக்கிறது. 'உன் வண்டியை உன்னுடையதாக்கு' என்று அழைப்பதும் சந்தைதான். இதைவிட முக்கியமானது வேறொன்று. மாற்றுகிறவர்களில் பலர் கழற்றிய பாகங்களைத் துணி சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார்கள். சட்டத்தில் புதுத் துளை போடுவதில்லை, எதையும் அறுப்பதில்லை. விற்கும்போது பழையபடி பூட்டிக் கொடுத்துவிடலாம். எந்த நேரமும் திரும்பப் பெறக்கூடிய மீறல் இது. மறுவிற்பனை விலை என்கிற காவல்காரன் அவர்கள் கையிலிருக்கும் ஸ்பேனருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

ஹெயில்வுட்டுக்காக 1978இல் வேலை செய்தவர்கள் இப்படிப் பெட்டி கட்டி வைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு அந்த வண்டி ஒரு வாரப் பந்தயத்தில் ஓடி முடிக்க வேண்டிய கருவி. உடையலாம், உருக்குலையலாம். அந்த இழப்புக்குத் தயாராக இருந்ததுதான் அவர்கள் வேலையின் அர்த்தம்.

இதை எழுதும்போது என் அலமாரியைத் திரும்பிப் பார்க்கிறேன். பழைய சிற்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன், அசலைத் தருவதில்லை. கையால் கிழித்து, கோடிட்டு, சண்டைபோட்டுப் படிக்கவென்று அச்சான தாள்கள் அவை. நம் எழுத்தில் உள்ள மீறல்களில் எத்தனை திரும்பப் பூட்டிவிடக் கூடியவை, கழற்றிய எந்தெந்தப் பாகங்களை நாம் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த முறை யாராவது வந்து கேட்டால் அசலையே கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். கோடு போட்டுத் திருப்பித் தரட்டும்.