‘சி’ மொழி நூலும் வன்னி மாணாக்கரும்

கணினிக்குச் செய்நிரல் எழுதும் ‘சி’ மொழியைப் பற்றிக் கேர்னிகனும் ரிச்சியும் 1978இல் இயற்றிய நூல், சொற்சுருக்கத்திற்குப் பெயர்பெற்றது. ஆயின், புதுமுக மாணாக்கர்க்கு அதனை முதற் பாடநூலாக்கல் தகுமா என்பது ஆராய்தற்குரியது. இது தொடக்கநிலைக் கையேடன்று என ஆசிரியர்களே பாயிரத்திற் கூறிவிட்டனர். பாடத்திட்டம் வகுப்போர் பாயிரம் படிப்பதில்லை போலும்!

2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலும் புகும் தமிழ் மாணாக்கருட் பெரும்பாலோர், உயர்தரம் வரை தமிழிற் பயின்றவர்; இங்கே ஆங்கிலத்திற் பாடங் கேட்கின்றனர். அவர் பள்ளியிற் கற்ற கணிதத்திற் சமக்குறி சமன்மையைக் குறிப்பது. ‘சி’ மொழியிலோ ஒற்றைச் சமக்குறி, வலப்புற மதிப்பை இடப்புற மாறியில் இடும். ஒப்பிடுதற்கு இரட்டைச் சமக்குறி வேண்டும். மாறி 5க்குச் சமமாயின் என்னும் நிபந்தனையில் ஒற்றைக்குறி இட்டால், மாறி 5 ஆகிவிடும். 5 பூச்சியமன்று ஆதலின் நிபந்தனை எஞ்ஞான்றும் மெய்யாகும். தொகுப்பானும் அதனைப் பிழையென நிறுத்துவதில்லை. நூலோ ஓரிரு வாக்கியங்களில் எச்சரித்து அப்பாற் செல்கிறது. பழகியோர்க்கு அது போதும். இம்மாணாக்கர்க்கோ ஒரு வகுப்பு முழுதும், அதுவும் தமிழில், வேண்டும். அதன்பின் நூலைக் கையிற் கொடுத்தால் அதன் பயிற்சிகள் அவர்க்கு இனிக்கும்.