எட்வர்ட்ஸ் எங்கே போனார்?

எவான் ஹன்ட்டர் நியூயார்க்கில் ஒரு தொழிற்பள்ளியில் கொஞ்ச காலம் உபாத்தியாயராக இருந்தவர். அந்த அநுபவத்தைக் கொண்டு 1954ல் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற நாவலை எழுதினார். மறு வருஷமே ரிச்சர்டு புரூக்ஸ் அதைப் படமாக எடுத்தார். சமீபத்தில் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன்.

டேடியர் என்ற இங்கிலீஷ் வாத்தியார் புதிதாக வேலைக்கு வருகிறார். பிள்ளைகளின் ஒழுங்கைப் பற்றிப் பிரின்ஸிபாலிடம் ஒரு வார்த்தை கேட்கிறார். தம் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பிரச்னையே கிடையாது என்று அவர் சீறி விழுகிறார். பிறகு டேடியரும் அவருடைய சகா எட்வர்ட்ஸும் இருட்டுச் சந்தில் உதைபடுகிறார்கள். போலீஸ்காரர் வந்து விசாரிக்கும்போது டேடியர் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. கடைசியில், வகுப்பில் கத்தியை உருவிய பையனை அவரே மடக்குகிறார். மற்றப் பிள்ளைகளும் அவர் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள்.

விறுவிறுப்பில் குறைவில்லை. ஆனால் என் மனசு எட்வர்ட்ஸிடமே நின்றுவிட்டது. அவர் கணக்கு வாத்தியார். ஜாஸ் சங்கீதத்தில் பைத்தியம். வருஷக்கணக்காகச் சேர்த்த இசைத்தட்டுகளை, பிள்ளைகளும் கேட்கட்டுமே என்று வகுப்புக்கு எடுத்து வருகிறார். அவற்றை வீசி எறிந்து உடைக்கிறார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். படம் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அங்கேதான் எனக்குக் குறை. அடிபடாமல் பாடம் சொல்லிக்கொடுக்க வாத்தியார் வீரனாக இருக்க வேண்டும் என்பதைக் கதை ஒப்புக்கொண்டுவிடுகிறது. எட்வர்ட்ஸ் வீரர் அல்ல. பாடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டவர், அது போதாதா? நாம் கை தட்டுகிற சத்தத்தில், பிரச்னையே இல்லை என்ற பிரின்ஸிபாலும் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறார்.

வாழ்க்கையில் எப்போதும் அப்படி நழுவ முடிவதில்லை. 2023 ஜனவரியில், அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த நியூபோர்ட் நியூஸ் நகரில், ஆறு வயசுப் பையன் ஒருவன் முதல் வகுப்பு ஆசிரியையைத் துப்பாக்கியால் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்றைக்கே சக ஊழியர்கள் உதவித் தலைமையாசிரியையிடம் எச்சரித்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. 2025 நவம்பரில் ஜூரிகள் அவருடைய அசட்டையே குற்றம் என்று கண்டு, ஆசிரியைக்கு 1 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள்.

இந்த வழக்கில் கத்திச் சண்டை இல்லை, வீரனும் இல்லை. சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டிய ஒருவர் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கதை எழுதுகிறவனுக்குச் சண்டை சுலபம். ஆபீஸ் அறையில் ஒரு புகாரைப் பொறுமையாகக் கேட்பதை எழுதினால் யார் படிப்பார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் எட்வர்ட்ஸை அந்த வகுப்பில் நிறுத்திவைக்க அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.