ஜஸ்ட் ஜோயியின் இதழோரம்

பீச் நிற ஹைப்ரிட் டீ ரோஜா என்றால் சிலர் 'பிராண்டி' என்பார்கள், சிலர் 'மெடாலியன்' என்பார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் ஜஸ்ட் ஜோயி பூத்திருக்கும் தோட்டத்தில் வேறு எந்தச் செடி முன்னாலும் எனக்கு நிற்கத் தோன்றாது. எல்லாம் அந்த இதழோரம் செய்கிற வேலை.

மொட்டு நீளமாக, செம்பேறிய நிறத்தில் இறுக்கமாகத்தான் இருக்கும். விரியத் தொடங்கியதும் ஒவ்வோர் இதழின் விளிம்பும் அலையலையாக நெளியும். நடுவில் செம்பு கலந்த அடர் பீச். ஓரத்துக்கு வர வர வெளுக்கும். நெளிவின் மேட்டில் வெயில் பட்டு ஒரு நிறம், பள்ளத்தில் நிழல் தங்கி இன்னொரு நிறம். மொத்தம் முப்பது இதழ் போல்தான் இருக்கும் என்பதால் உள்ளே வெளிச்சம் புக வழியிருக்கிறது. நூறு இதழ் அடைத்த பூக்களில் இது வாய்க்காது.

இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கான்ட்ஸ் நர்சரியின் ரோஜர் பாசி உருவாக்கி, மனைவி ஜோயியின் பெயரில் 1972இல் வெளியிட்டது. தாய் 'ஃபிராக்ரன்ட் கிளவுட்'. தந்தை 'டாக்டர் ஏ. ஜே. வெர்ஹாகே', 'கோல்டன் வேவ்' என்றும் அதைச் சொல்வார்கள். வாசனை தாய்வழிச் சீதனம், நெளிவு தந்தை வீட்டுச் சொத்து.

கண்காட்சிப் பிரியர்களுக்கு இதன் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு: நடு மொட்டு கூராக எழுந்து நிற்பதில்லை, சீக்கிரம் கலைந்துவிடுகிறது என்று. பாதி, முக்கால் விரிந்த நிலையில் பூவை அளக்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். முழுக்க விரிந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தளர்ந்து, மகரந்தக் கேசரங்கள் தெரிகிற நேரத்தில் பார்க்க வேண்டிய பூ இது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1994இல் இதைத் தன் புகழ்ப் பட்டியலில் சேர்த்தது. கூர்மையை மட்டும் பார்த்திருந்தால் சேர்த்திருப்பார்களா?

செடி உயரம் போகாது, பக்கவாட்டில் படரும். வெளிப்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டுகிற வழக்கமான கவாத்தை இதற்கும் செய்தால் இன்னும் சாய்ந்துவிடும். உட்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் வெட்டினால் நிமிரும். கடும் வெயிலில் நிறம் வெளுக்கும். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வெளுத்த பூவிலும் மணம் இருக்கிறதே!

பூங்கொத்துக் கடைகளில் இன்று குவிகிற பீச் ரோஜாக்கள் பலவற்றை முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பெட்டியில் நசுங்காமல் பயணம் செய்ய வேண்டும், ஜாடியில் பல நாள் நிற்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வாசனையைக் கைவிட்டுவிட்டார்கள். அதைவிட வருத்தம், வாங்குகிறவர்கள் யாரும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.