கூச்சமும் நகையும்: புனைகதையில் கிச்சுகிச்சுக் காட்சியின் இடம்
(புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டுக் காட்சிகள் மைய நீரோட்டப் புனைகதைக்கு உரியவையா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், கலித்தொகைப் பாடல் ஒன்று, புதுமைப்பித்தனின் சிறுகதை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வழங்கும் விரல் விளையாட்டு ஆகியவற்றைக் கொண்டு, தொடப்படுபவரின் குரலுக்குக் காட்சியில் இடம் இருக்கிறதா என்பதே இதற்குரிய அளவுகோல் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கூச்சம், மெய்ப்பாடு, நகை, உவகை, விளையாட்டு, புதுமைப்பித்தன், காஞ்சிபுரம்.

முன்னுரை

தமிழ்த் திறனாய்வு சிரிப்பைக் குறித்து நிறையவே பேசியுள்ளது. எள்ளல், அங்கதம், நையாண்டி ஆகியவற்றுக்குத் தனி ஆய்வேடுகளே உள்ளன. இவையெல்லாம் சொல்லால் விளையும் சிரிப்புகள். விரலால் விளையும் சிரிப்பை அத்திறனாய்வு பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கதையில் குழந்தைக்கு ஒருவர் கிச்சுகிச்சு மூட்டினால் அது சிறுவர் இலக்கியத்துக்குரிய அழகு எனக் கடந்துவிடுகிறோம். காதலர் இருவரிடையே அது நிகழ்ந்தால் வார இதழ்த் தொடர்கதையின் மலிவான உத்தி என ஒதுக்கிவிடுகிறோம்.

கருத்தரங்கு ஒன்றில் புதுமைப்பித்தன் கதையின் இத்தகைய பத்தி ஒன்றை எடுத்துப் பேசியபோது எனக்கு இரண்டு மறுப்புகள் கிடைத்தன. “இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்றார் ஒருவர். குழந்தையும் முதியவரும் தொட்டு விளையாடும் காட்சியை இன்றைய வகுப்பறையில் எடுத்துப் பேசாமலிருப்பதே நல்லது என்றார் மற்றொருவர். முதலாமவருக்கு அப்பத்தியில் ஒன்றுமே இல்லை. இரண்டாமவருக்கோ அளவுக்கு மீறி இருக்கிறது. ஒரே பத்தியைப் பற்றி இவ்விரு முடிவுகளும் ஒரே அரங்கில் எழக்கூடுமெனில், அதை இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சொல்லும் மெய்ப்பாடும்

‘கூச்சம்’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து தொடங்கலாம். அக்குளில் விரல் பட்டால் எழுவதும் கூச்சம். அயலார் முன் பேச நா எழாமல் நிற்பதும் கூச்சம். ஒளி மிகுந்தால் கண் கூசும். புளிப்புப் பட்டால் பல் கூசும். தாங்க முடியாத நெருக்கம் என்பதே இவை அனைத்துக்கும் பொது. 1897இல் ஸ்டான்லி ஹாலும் ஆர்தர் ஆலினும் மெல்லிய ஊறலையும் சிரிப்பை வரவழைக்கும் அழுத்தமான தீண்டலையும் இரு கிரேக்கச் சொல்லாக்கங்களால் பிரித்தனர். நம் வழக்கிலும் குறுகுறுப்பு வேறு, கிச்சுகிச்சு வேறு. ஆயினும் இரண்டையும் நாணத்தோடு சேர்த்து ஒரே சொல்லில் அடக்கியிருப்பது தமிழ். உடலின் சிலிர்ப்பும் மனத்தின் ஒதுக்கமும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால், “கூச்சமாக இருக்கிறது” என்று ஒரு கதைமாந்தர் சொல்லும்போது எது சொல்லப்படுகிறது என்பதை வாசகர்தான் உய்த்துணர வேண்டும்.

தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கு. தீண்டலால் பிறக்கும் சிரிப்புக்கு இவற்றுள் நேரான இடமில்லை. இளமை என்பதில் அடக்கலாம் எனத் தோன்றும்; ஆனால் பிறரது இளமையைக் கண்டு சிரிப்பதும், தன் உடல் தன்னை மீறிச் சிரிப்பதும் ஒன்றல்ல. உவகையின் நிலைக்களன்களைப் பார்த்தால் விடை கிடைக்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. புலனும் விளையாட்டும் அங்கே அருகருகே நிற்கின்றன. எனவே கிச்சுகிச்சு, தோற்றத்தில் நகையாகவும் காரணத்தில் உவகையாகவும் இருக்கிறது.

அச்சத்தையும் இங்கே சேர்த்தாக வேண்டும். அறிமுகமற்ற ஒருவர் தொட்டால் குழந்தை சிரிக்காது, அச்சத்தால் அலறும் என 1872இல் டார்வின் எழுதினார். தன்னைத் தானே தீண்டிக்கொள்பவருக்கு அச்சிரிப்பு வராமைக்குச் சிறுமூளை தன் அசைவின் விளைவை முன்கூட்டியே கணித்துத் தணித்துவிடுவதே காரணம் என்பதை 1998இல் பிளேக்மோர், வோல்பர்ட், ஃபிரித் ஆகியோரின் சோதனை சுட்டியது. ஆகவே இச்சிரிப்புக்குப் பிறர் ஒருவர் வேண்டும். அவர் நம்பத்தக்கவராகவும் இருக்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவிடத்து அதே விரல் அச்சத்துக்குக் காரணமாகிவிடும். நகை, உவகை, அச்சம் ஆகிய மூன்று மெய்ப்பாடுகளும் ஒரு நொடியில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிகழ்வு அன்றாட வாழ்வில் இதைப்போல் வேறு ஒன்று எனக்குத் தோன்றவில்லை. அதை விட்டுவிடப் புனைகதைக்கு என்ன அவசியம்?

கலித்தொகைத் தலைவியின் பொய்

கிச்சுகிச்சு என்னும் பெயர் இல்லாவிடினும், விளையாட்டுத் தீண்டலின் மூன்று நிலைகளும் ஒருங்கே அமைந்த பழம்பாடல் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் உள்ளது (கலித்தொகை 51). சிறுவயதில் தன் மணல்வீட்டைச் சிதைத்துப் பந்தைப் பறித்தோடியவன், வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் நிற்கிறான். நீர் தரச் சென்றவளின் வளை அணிந்த கையைப் பற்றுகிறான். அவள் மருண்டு அலறுகிறாள். தாய் ஓடி வருகிறாள். அந்த இடைவெளியில் அவள் ஒரு முடிவு எடுக்கிறாள்: நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கல் எடுத்தது என்று பொய் சொல்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான்.

இப்பாடலை நகைச்சுவைக்கும் தலைவனின் குறும்புக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். குறும்பு அவனுடையதே. ஆனால் அது குறும்புதான் என்று தீர்மானித்தவள் அவள். அலறல் அலறலாகவே நின்றிருந்தால் அவன் கள்வன். அவள் சொன்ன பொய்யே அவனை விளையாட்டுத் தோழன் ஆக்குகிறது. தொட்டவர் “விளையாட்டுக்குத்தான்” என்று சொல்வதில் பொருளில்லை. அச்சொல்லுக்கு உரிமையுடையவர் தொடப்பட்டவர். கபிலர் அந்த உரிமையைத் தலைவியின் கையில் கொடுத்து, முழுக்கதையையும் அவள் வாயாலேயே தோழிக்குச் சொல்ல வைத்திருக்கிறார்.

கடவுளின் கழுத்து

1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ தமிழில் மிகுதியாக வாசிக்கப்பட்ட சிறுகதைகளுள் ஒன்று. சென்னைத் தெருமுனையில் தோன்றும் சிவன், சித்த வைத்திய இதழ் நடத்தும் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடித்து, அவர் வீட்டுக்கும் வருகிறார். கதையின் பெரும்பகுதி பேச்சு. அப்பேச்சின் நையாண்டியே திறனாய்வாளர்களை ஈர்த்திருக்கிறது. நான் சுட்ட விரும்புவது பேச்சு சற்றே ஓயும் ஓர் இடம்.

கந்தசாமிப் பிள்ளையின் சிறுமகள் வள்ளி, புதிதாக வந்த ‘தாத்தா’வின் மடியில் ஏறிக்கொள்கிறாள். அவர் கழுத்தில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. நாவற்பழம் போல இருக்கிறது என்கிறாள். அதைக் கடித்துத் தின்ன ஆசைப்பட்டு, எழுந்து நின்று கழுத்தில் வாய் வைக்கிறாள். பிஞ்சுப் பல் பட்டதும் கடவுளின் உடல் நெளிகிறது. தமக்குக் கூச்சமாக இருப்பதாக அவர் சொல்கிறார்.

ஆலகாலம் தங்கிய இடம் அது. தேவர்கள் அஞ்சி ஓடிய நஞ்சு. அமுதுக்காகப் பாற்கடல் கடைந்த கதையின் நடு இடம். நீலகண்டம் என்று வணங்கி ஏத்தப்பட்ட அந்தக் கழுத்தைப் புதுமைப்பித்தன் ஒரு குழந்தையின் பல் பட்டுக் கூசும் தோலாக மாற்றிவிடுகிறார். புராணத்தை இவ்வளவு குறைந்த செலவில் தலைகீழாக்கிய வேறோர் இடம் அவர் கதைகளிலேயே அரிது என்பது என் கணிப்பு. இங்கே எள்ளல் இல்லை. ‘கூச்சம்’ என்ற சொல்லின் இரு பொருளும் ஒருசேர இயங்குகின்றன: உடல் சிலிர்க்கிறது, நெடுங்காலம் தொழப்பட்ட ஒருவர் முதன்முறையாகத் தொடப்படுவதால் நாணவும் செய்கிறார்.

அடுத்த அசைவு இன்னும் நுட்பமானது. நெருப்புப் பட்டுக் கொப்புளித்ததா என்று கேட்கும் குழந்தை, தன் விரல் நுனியில் உள்ள கொப்புளத்தைக் காட்டுகிறாள். அவரும் தம் கழுத்தின் கதையைக் குழந்தைகளின் தின்பண்டச் சண்டை ஒன்றைப்போல் திருப்பிச் சொல்கிறார்: எல்லாரும் கொடுத்தார்கள், வாயில் போட்டுக்கொண்டேன், கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். காயம் காட்டியவளுக்குக் காயத்தாலேயே விடை. இந்தச் சமநிலையை உருவாக்கியது அந்தக் கூச்சம்தான். அது இல்லாமல் கொப்புளமும் ஆலகாலமும் ஒரே வரிசையில் வந்து நின்றிரா.

தொடர்ந்து இருவரும் வட்டாடுகிறார்கள். கடவுள் தோற்கிறார், ஆட்டம் தெரியாமல் ஆட வரலாமா என்று குழந்தை கண்டிக்கிறது. கூத்தப்பிரானிடம் கேட்கப்படும் கேள்வி இது! பின்னர்க் கடவுளும் தேவியும் திவான் பகதூர் ஒருவர் முன் ஆடிக் காட்டும்போது, இது கலையே அன்று என்று அவர் நிறுத்திவிடுகிறார். இரு ஆட்டங்களிலும் கடவுள் தோற்கிறார். முதல் தோல்வி அவரை வீட்டு மனிதராக்குகிறது, இரண்டாவது வெளியேற்றுகிறது. எட்ட நின்று வரம் கொடுக்க இயன்றவர்களால் மனிதரோடு சேர்ந்து வாழ இயலாது என்று கதை முடிவில் வரும் கசப்புக்கு எடை சேர்ப்பது எது? சேர்ந்து வாழ்வது எப்படியிருக்கும் என்பதை மடியில் ஏறிய அந்தக் குழந்தை வழியாக நாம் முன்பே கண்டுவிட்டோம் என்பதுதான். அப்பத்தியை நீக்கினால் கதை சுருங்காது. ஆனால் முடிவில் இழக்கப்படுவது என்ன என்பது தெரியாமல் போகும்.

இங்கே கூசுபவர் வலியவர், கூச வைப்பவர் எளியவர் என்பதையும் கவனிக்க வேண்டும். நடைமுறையில் பெரியவர்களே குழந்தைகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். புதுமைப்பித்தன் திசையை மாற்றிவிட்டு, தமக்குக் கூசுகிறது என்று சொல்லும் வாய்ப்பையும் தொடப்பட்டவருக்கே தருகிறார். கலித்தொகைத் தலைவிக்குக் கிடைத்த அதே உரிமை.

தழுவக் குழைந்த ஊர்

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்குத் தொட்டதும் நெளியும் கடவுள் புதியவர் அல்லர். கம்பையாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து உமை வழிபடுகையில் வெள்ளம் பெருகி வர, அஞ்சி அவள் அதைத் தழுவிக்கொண்டாள். இறைவன் குழைந்து அவளது வளைத்தழும்பும் முலைத்தழும்பும் ஏற்றான் என்பது ஏகாம்பரநாதர் கோயில் தலவரலாறு. சேக்கிழார் இதைத் திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் விரித்துரைக்கிறார். தழுவக் குழைந்தார் என்பது அப்பெருமானுக்கு வழங்கும் பெயர். இங்கும் அச்சத்தில் தொடங்கிய தீண்டல் உவகையில் முடிகிறது. புதுமைப்பித்தன் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. தொடுகையால் நெகிழும் கடவுள் தமிழ்ச் சைவ மரபுக்குள்ளேயே இருக்கிறார் என்பதும், அவரது ‘கூச்ச’த்தை வெறும் பகடி என்று வாசிப்பது மரபை மறந்த வாசிப்பு என்பதுமே சொல்லவருவது.

நான் வளர்ந்த பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதி. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருப்பவரின் கைகளும் கால்களும் எந்நேரமும் வேலையில் இருக்கும். கோர்வைப் புடவை என்றால் கரைக்கு நாடா எறிய ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். முன்பு பல வீடுகளில் அது ஒரு சிறுவனோ சிறுமியோதான். பெரியவரும் குழந்தையும் தோளோடு தோள் உரசி அமர்ந்திருந்தாலும் அந்நெருக்கத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. ஓர் அசைவில் இழை அறும். விளையாட்டு, தறி நின்ற பிறகுதான்.

அப்போது நிகழ்வது ‘நண்டூருது நரியூருது’. தமிழகம் முழுதும் வழங்கும் விளையாட்டு. எங்கள் தெருவில் நான் கண்ட முறையைச் சொல்கிறேன். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைவார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பங்கு கொடுப்பார்கள். பிறகு இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலேறும். முழங்கை, தோள் என்று ஊர்ந்து அக்குளை அடையும்போது குழந்தை வெடித்துச் சிரிக்கும். பாதித் தூரத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடும் குழந்தைகளும் உண்டு. விரல் ஏன் நேராக அக்குளுக்குப் போவதில்லை? அந்த நீண்ட வழிதான் விளையாட்டின் இலக்கணம் என்பேன். வரப்போவது இன்னது என்று குழந்தைக்குத் தெரிகிறது. வேண்டாமென்றால் கையை இழுத்துக்கொள்ளப் போதிய நேரமும் இருக்கிறது. குழந்தை கையை மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று தெருவில் ஒரு பாட்டியிடம் கேட்டேன். “பருப்பு இன்னும் வேகலன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துருவோம்” என்றார்.

எதிர்வாதங்கள்

வார இதழ்த் தொடர்கதைகளில் இத்தகைய காட்சி பல நேரம் சலிப்பூட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊடல் தீர வேண்டும். எழுத்தாளருக்கு உரையாடல் கைகொடுக்கவில்லை. நாயகன் இடுப்பில் கிள்ளுகிறான், நாயகி சிரிக்கிறாள், சண்டை தீர்ந்தது. இங்கே குறை தீண்டலில் இல்லை. அவள் சொல்ல வேண்டிய சொல்லை அவளது சிரிப்பைக் கொண்டு அடைத்துவிட்டதில் இருக்கிறது. உடல் தன்னையறியாமல் சிரிப்பதை மனத்தின் ஒப்புதலாகக் கணக்கு வைக்கும் எழுத்து, கலித்தொகைத் தலைவி அலறிய அந்த நொடியை அழித்துவிடுகிறது.

இரண்டாம் மறுப்பு கனமானது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012இல் வந்தது. நல்ல தொடுகை, தீய தொடுகை பற்றிப் பள்ளிகளில் பேசுகிறோம். விளையாட்டு என்ற பெயரில் நிகழ்ந்த தீங்குகளை அறிந்த தலைமுறை அப்பத்தியைத் தயக்கத்தோடு படிப்பதில் வியப்பில்லை. ஆனால் தயக்கத்துக்கு விடை பத்தியைத் தாண்டிச் செல்வதா? எந்தத் தொடுகையில் மறுப்புக்கு இடமிருக்கிறது, எதில் இல்லை என்பதை மாணவர் கண்டறிய இலக்கியத்தைவிடப் பாதுகாப்பான இடம் எது? இக்கதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் வள்ளியின் பத்தியை மாணவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, கடவுள் நெளிந்தபின் குழந்தை என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அவள் மறுபடி கடிக்கவில்லை. நெருப்புச் சுட்டதா என்று விசாரிக்கிறாள்.