ஒரே வார்ப்பில் நூறு கணினிகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செயலியும் ஏறக்குறைய 2018-க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்கூட ஒரே நாளில் காலாவதியானவையாக எண்ணப்படுகின்றன. கல்லூரி லேப், கூட்டுறவுச் சங்கம், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் என்று புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலில் கணினி இருக்கும் இடமெல்லாம் இனி எந்த இயங்குதளம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதைப் போலவே கனமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நூற்றுக்கணக்கான பெட்டிகளில் அதை எப்படிப் போடுவது, யார் போடுவது?

இதற்கு இன்று எங்கும் கையாளப்படும் வழி இமேஜ் எடுத்துக் குளோன் செய்வது. ஒரு கணினியில் இயங்குதளம், டிரைவர்கள், தமிழ் விசைப்பலகை, அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் பொறுமையாக அமைத்து, அந்த வன்தட்டை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவைத்துக்கொள்வார்கள். தைவானின் அரசு கணினி மையம் உருவாக்கிய குளோன்ஜில்லா இதற்குப் பெயர்பெற்ற இலவச மென்பொருள். ஒரு சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக மற்ற கணினிகளை எழுப்பி, அந்த இமேஜை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். தரவு ஒரே முறைதான் கிளம்புகிறது. எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. பத்துக் கணினிக்கும் நாற்பது கணினிக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருக்காது.

இந்த முறையின் பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து பென்டிரைவ் செருகி ஃபார்மட் போட்டால், ஒன்றில் எழுத்துரு விடுபடும், ஒன்றில் பிரிண்டர் விடுபடும், இன்னொன்றில் யாரோ எங்கிருந்தோ இறக்கிய திருட்டு மென்பொருள் ஏறியிருக்கும். குளோனில் இந்த ஒழுங்கின்மை இல்லை. எந்த மாணவி எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அதே திரையைப் பார்ப்பாள். ஏதேனும் ஒன்று கெட்டுப்போனால் காரணம் தேடி ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. இமேஜை மறுபடி ஏற்றினால் போதும். புதுச்சேரி நகரத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவே கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களைத் தாண்டி இருக்கும் காரைக்காலுக்கு இது பெரிய வரம். பழுதுபார்க்க ஆள் வரும்வரை லேப் பூட்டிக் கிடக்காது.

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. அவற்றில் சில வெறும் தொழில்நுட்பக் குறைகள், தெரிந்தவருக்கு எளியவை. லினக்ஸ் கணினிக்கு மெஷின் ஐடி என்று தனி அடையாள எண் உண்டு. அதை அழிக்காமல் குளோன் எடுத்தால், பல பெட்டிகள் நெட்வொர்க்கில் ஒரே ஐபி முகவரிக்காகச் சண்டையிடக்கூடும். விண்டோஸில் தனி அடையாளங்களை நீக்கும் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டிய பிறகே இமேஜ் எடுக்க வேண்டும் என்பதும் இந்த வகைதான். இவற்றுக்காக யாரும் இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை.

ஒரே அச்சில் வார்த்தால் பிழையும் ஒரே அச்சில் வந்துவிடும் என்பதுதான் பெரிய குறை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது குளோன் அல்ல. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொருளை ஒரே சமயத்தில் தள்ளும் பழக்கம் அதேதான். மேலிருந்து ஒரு நொடியில் அனுப்பியதைச் சரிசெய்ய, பெரும்பாலான இடங்களில் மனிதர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய் சேஃப் மோடில் எழுப்பி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை தெரிந்த கைகள் ஊரில் இருக்கின்றனவா என்பதே காரைக்கால் போன்ற இடத்துக்கு முதல் கேள்வி.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இமேஜ் தயாரிப்பவருக்கு அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை தெரியாது. நம்மூர் மேசைகளில் பரவலாக இருக்கும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சாதுவாக ஓடும் அது, லினக்ஸில் டிரைவருக்காக அலையவிடும். பழைய கடிதங்கள் இன்னும் சிக்கல். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு, டேஸ்16 ஆகிய எழுத்துக் குறியாக்கங்களைத் தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளுக்குக் கணக்கில்லை. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால், பத்தாண்டுக் கோப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்தருக்குப் புதிய இயங்குதளம் பிடிக்காமல் போக இந்த ஒரு காலை நேரம் போதும். குற்றம் இயங்குதளத்தினுடையது அல்ல. கேட்காமல் வார்த்த இமேஜினுடையது.

தமிழ்நாட்டின் அனுபவம் இதைத்தான் சொல்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனம் தன் சொந்த அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. தாமே பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறருக்குச் சொன்னார்கள் என்பதால் அது மதிக்கத்தக்க முயற்சி. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகளின் கையில் ஒரு கட்டற்ற இயங்குதளம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித்தரப் பாடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பலர் அதை அழித்துவிட்டு அந்த இடத்தை விண்டோஸுக்கே கொடுத்தார்கள்.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிகளுக்கான லினக்ஸை வெளியாரிடம் வாங்காமல், ஐடி அட் ஸ்கூல் திட்டமும் பின்னர் அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் தாங்களே தொகுத்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்; பாடநூலையும் தேர்வையும் அந்த மென்பொருள்களின் மேலேயே கட்டினார்கள். 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாக வைத்து வந்த பதிப்பு ஏறக்குறைய 2 லட்சம் பள்ளிக் கணினிகளுக்கானது. அந்தக் கேரளப் பாடத்திட்டத்தை நெடுங்காலம் பின்பற்றியது நம் ஒன்றியப் பிரதேசத்தின் மாஹே. காரைக்காலுக்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இன்னொரு சான்று பிரான்சில் இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால்காரர்களுக்கு ழாந்தார்ம் என்ற பெயர் அந்நியமல்ல. அந்தக் காவல் படை 2005-இல் அலுவலக மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றியது. பிறகு ஃபயர்பாக்ஸ், தண்டர்பேர்டு. அதன் பிறகே, 2008 முதல், உபுண்டு. ஆட்கள் அதற்குள் மென்பொருள்களுக்குப் பழகியிருந்தார்கள். அடியிலிருந்த இயங்குதளம் மாறியது அவர்களைக் கலங்கடிக்கவில்லை. பல்லாயிரம் கணினிகளில் அது இன்றும் ஓடுகிறது. சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியோ, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அங்கே அரசியல் தலைமை மாறியதும் ஒரு காரணம். அரசாணையின் பலத்தில் மட்டும் நின்ற மாற்றம் அடுத்த ஆணையில் விழும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

குளோன் முறை வேண்டும். அதை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் காரைக்காலுக்கான இமேஜ் காரைக்காலில் வார்க்கப்பட வேண்டும். திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது, வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக் இருக்கிறது, நெடுங்காட்டில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவற்றின் மாணவர்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய், எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பிரிண்டர், எந்த எழுத்துரு, எந்தக் கோப்பு என்று குறித்துவந்து இமேஜ் தயாரிக்கட்டும். ஊரிலேயே மிகப் பழைய பெட்டிகளில் முதலில் அதை ஓட்டிப் பார்க்கட்டும். அங்கே தாக்குப்பிடித்தால் மற்ற இடங்களில் பயமில்லை.

ஒப்பந்தங்களிலும் ஒரு மாற்றம் வேண்டும். கணினி வாங்கும் டெண்டரில் “இயங்குதளம் நிறுவித் தரப்படும்” என்ற வரி மட்டும் போதாது. இமேஜ் கோப்பின் ஒரு பிரதி, அது எப்படி உருவாக்கப்பட்டது என்ற தமிழ்க் குறிப்பு, நிர்வாகிக் கடவுச்சொல், அதை மறுபடி ஏற்றும் பயிற்சி ஆகிய நான்கும் அந்த லேப்பின் பொறுப்பாளர் கையில் வந்து சேர வேண்டும். அவரே ஒரு கணினியை முழுக்க அழித்துத் திரும்ப ஏற்றிக் காட்டிய பிறகே பில்லில் கையெழுத்து.